ஆற்றோரத்து மெராந்திகள்

பெக்கோக்
18 பிப்ரவரி 2024

அன்புத் தோழி சபீதாவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரர் அக்பர் அண்ணனும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். மரம் விஷயத்தைப் போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், இனி எழுதியே தீர்த்துக்கொள்வோம் என்று சொன்னது நீதான். ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஆற்றோரம் நடுவதற்கு நூற்றிருபது மெராந்தி மரக் கன்றுகள் அக்பர் அண்ணனின் லாரியில் வருகின்றன. இரண்டு வருடம் முன்பு காட்டோரத்துப் பெரிய மரங்கள் காய்த்தபோது பொறுக்கிய விதைகளில் நான் வளர்த்தவை. மறுபடி எப்போது காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது. விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது, சில நாளில் செத்துவிடும். போன வருடம் நான் கொடுத்த கன்றுகளை உங்கள் கமிட்டி உச்சி வெயிலில் நட்டுக் கருக்கியதை நான் மறக்கவில்லை. இந்த முறை நிழல் பார்த்து, மழை பார்த்து, ஒரு வாரத்திற்குள் நடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

உன்,
ஃபெலிசியா


ஆயர் ஈத்தாம்
6 மார்ச் 2024

அன்பு ஃபெலிசியாவுக்கு,

கன்றுகள் பத்திரமாக வந்தன. எங்கள் கடைக்குப் பின்னால் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். திட்டாமல் படி: இன்னும் நடவில்லை.

கமிட்டித் தலைவர் குணாளனுக்கு எங்கள் தொகுதியில் ஜெயித்த வைபி வந்து முதல் கன்றை நட வேண்டுமாம். வைபிக்கு இந்த மாதம் நேரம் இல்லை. அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. ஆகவே ஹரி ராயா பெருநாளுக்குப் பிறகு என்று முடிவாகிவிட்டது. கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. அதில் இரண்டு மணி நேரம் டி-ஷர்ட் பச்சையா மஞ்சளா என்று பேசினார்கள். எனக்கும் தலைவலிதான் லா. நான் என்ன செய்ய?

அன்புடன்,
சபீதா


பெக்கோக்
11 மார்ச் 2024

சபீதாவுக்கு,

டி-ஷர்ட்டா?

வேர் ஏற்கனவே பைக்குள் சுருள ஆரம்பித்திருக்கும். மரம் வைபிக்காகக் காத்திருக்காது என்று உங்கள் தலைவரிடம் சொல். நீ சொல்ல மாட்டாய். பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் கணக்கைத் தப்பாகப் போட்டால் என் காதில் மட்டும்தான் சொல்வாய்.

நோன்பு நல்லபடி அமையட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபெலிசியா


ஆயர் ஈத்தாம்
29 ஏப்ரல் 2024

அன்பு ஃபெலிசியாவுக்கு,

நட்டாயிற்று! சனிக்கிழமை காலை, நூற்றிருபதும். பள்ளிப் பிள்ளைகள் எண்பது பேர் வந்தார்கள். வைபி உன் பெயரையும் மைக்கில் சொன்னார், கொஞ்சம் தப்பாக. ஃபேஸ்புக்கில் படம் போட்டிருக்கிறார்கள், பார். எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

இனியாவது சிரி.

சபீதா


பெக்கோக்
3 மே 2024

சபீதாவுக்கு,

படத்தைப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வைபி பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் கால் பக்கத்தில் இருக்கும் கன்றைச் சுற்றி மண்ணுக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. அதற்கு அடுத்ததிலும் தெரிகிறது. அந்த வரிசை முழுக்கத் தெரிகிறது.

பையைக் கிழிக்காமல் பையோடு நட்டிருக்கிறீர்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. ஜோனதனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் நீ எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாய். வீடு பூட்டியிருந்தது, கோயிலுக்குப் போயிருந்தேன் என்று பிறகு சொன்னேன். பொய். காட்டோரத்தில் முட்டி போட்டு இந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் விட்டால் அவை செத்துவிடும். புருஷன் செத்த வீட்டில் இவளுக்கு விதை கேட்கிறதா என்று ஊர் பேசும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

இனி கன்று வராது. கடிதமும் வேண்டாம்.

ஃபெலிசியா


ஆயர் ஈத்தாம்
14 மே 2024

ஃபெலிசியா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

ஆமாம், பார்த்தேன். வைபிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பையைக் கிழிக்கத் தெரியவில்லை. குணாளன், "பையோட வைங்க, அப்புறமா எடுத்துக்கலாம்"னு கத்தினார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன். வேறு காரணம் இல்லை. படத்தில் நிற்க ஆசையாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே நானும் அக்பரும் மண்வெட்டியோடு போனோம். கடையை நாலு நாள் மதியத்தோடு மூடினோம். ஒவ்வொரு கன்றையும் தோண்டி, பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டி, மறுபடி நட்டோம். குணாளன் வந்து, "என்ன சபீதா, நட்டதையெல்லாம் பிடுங்குறீங்க? வைபிக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?" என்றார். "வைபி வந்தா ஒரு மண்வெட்டி குடுங்க" என்றேன். இந்த வயதில் முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னேன். என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எண்பத்தொன்பது உயிரோடு இருக்கின்றன.

சபீதா


ஆயர் ஈத்தாம்
30 ஜூன் 2024

ஃபெலிசியா,

பதில் இல்லை. சரி. இப்போது எழுபத்திரண்டு. புல் வெட்டும் சபாபதி மிஷினால் ஆறு கன்றைச் சீவிவிட்டார். மீதியை வெயில் தின்றது. குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்.

சபீதா


ஆயர் ஈத்தாம்
5 ஆகஸ்ட் 2024

ஃபெலிசியா,

நேற்று ஆற்றோரம் போனால், எல்லாக் கன்றுக்கும் மேற்குப் பக்கம் செம்பனை ஓலை சாய்த்து நட்டிருக்கிறது, வெயிலுக்கு மறைப்பாக. எழுபத்திரண்டுக்கும். நான் செய்யவில்லை. கமிட்டி நிச்சயமாகச் செய்யவில்லை.

சபாபதியைக் கேட்டேன். "ஒரு அம்மா சனிக்கிழமை பஸ்ல வந்தாங்க அக்கா. நாள் பூரா ஓலை வெட்டி நட்டாங்க. என்னைப் பிடிச்சு, 'உனக்குக் கண்ணு இல்லையா'ன்னு அப்படி ஏசினாங்க" என்றார். ஏசினாங்க என்றதுமே தெரிந்துவிட்டது.

பஸ் நிலையத்திலிருந்து ஆற்றுக்கு என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தே தாரிக் குடிக்க உள்ளே வரவில்லை. நாள் முழுக்க என்ன தின்றாய்? ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு பிடிவாதம் ஆகாது, ஃபெலிசியா. எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் அதிகம்.

இனி சனிக்கிழமைகளில் நான் அங்கே போகமாட்டேன். மற்ற நாளெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை உன்னுடையது. என் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டுப் போகலாம். வாளிகள் இரண்டும் பாலத்தடியில் இருக்கின்றன. வரப்பு வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

சபீதா