தேடலில் வந்த பெயர்

2008 ஆவணி, வியாழன். போர்க்காலக் கொழும்பு, வெள்ளவத்தை.

காலையில் நவாஸ் நானா என் மேசைக்கு வந்து ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதிய துண்டைத் தந்தார். "தங்கச்சி, கஸ்டமர் சிஸ்டத்தில இந்த ரவீந்திரனத் தேடினா ஒண்டும் வருதில்ல. கொஞ்சம் பாருங்களேன்."

போன் இணைப்புக் கொடுக்கும் எங்கள் கம்பெனிக்கு இது பழைய வியாதி. சில கிளைகளில் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துவிடுவார்கள். தேடும் பெயரையும் பதிவிலுள்ள பெயரையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடும்படி தேடல் கட்டளையை, குவெரியை, மாற்றினேன். ஒரு வரி வேலைதான். உடனே வந்தது.

"வந்திட்டுது நானா!" என்று சந்தோஷமாகக் கத்தினேன்.

பிறகுதான் முகவரியைப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை, எங்கள் வீட்டு இலக்கம், கீழே வாடகைக்கு விட்டிருக்கும் அனெக்ஸ். அங்கே இருப்பது கண்ணன் அண்ணா. வீட்டுப் பெயரால் கூப்பிட்டே பழகிவிட்டோம். அவருடைய பதிவுப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆர் நானா கேட்டது?"

"மெனேஜர்ட ரூம்ல சிவில் உடுப்புல ரெண்டு பொலிஸ்காரங்க" என்று மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் அந்த முகவரியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணாவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அந்த அழைப்பும் பதிவாகும் என்று நினைத்ததும் கை தானாக வைத்துவிட்டது.

இரவு கண்ணன் அண்ணாவின் மனைவி மேலே எங்கள் வீட்டுக்கு வந்தா. "தங்கச்சி, இவர் இன்னும் வரேல்ல. போனும் ஓஃப். உங்கட கம்பெனி சிஸ்டத்தில ஏதும் தேடிப் பாக்கேலுமோ?"

"ஓம் அக்கா" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல. "அண்ணாட முழுப்பேரைச் சொல்லுங்கோ."