பிந்தி வந்த சலங்கை ஒலி

அண்ணே,

இன்று காலை உங்கள் ஹெட்போனை உறையிலிருந்து எடுத்தேன். காதில் படும் பஞ்சில் இன்னும் தைல வாசனை இருக்கிறது. தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெற்றியின் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவீர்கள். முனீர்க்காவில் என் எடிட்டிங் அறைக்குக் கடைசியாக வந்தபோது இதை மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். திருப்பித் தருவதற்கு எனக்கு ஐந்து மாதம் இருந்தது. தரவில்லை.

எடுக்க வைத்தது உங்கள் மகள். போன வாரம் போன் செய்தாள். "அங்கிள், பப்பா பேசுற வீடியோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. ஃபோட்டோ மட்டும்தான் இருக்கு. மதலப், வாய்ஸோட வேணும். வருஷ ப்ரேயருக்கு முன்னாடி கிடைக்குமா?" அவளுடைய இந்தி கலந்த தமிழ் உங்களுக்கு எப்போதும் சிரிப்பு. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் படம், நீங்கள் ஒலி. கேமரா தூரத்தில் நிற்கும். அதன் மைக்கில் மின்விசிறியும் இருமலும்தான் விழும். பாடுகிறவர் பக்கத்தில் உங்கள் ரெக்கார்டர் தனியாக ஓடும். ரெக்கார்டர் ஓடுவது கேமராவுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் கேமரா முன்னால் வந்து, என்ன உருப்படி என்று சொல்லி, ஒரு தட்டு தட்டுவீர்கள். உள்ளங்கைகள் சேரும் படத்தையும், ஒலிக்கோட்டில் ஊசிபோல் எழும் அந்தச் சத்தத்தையும் மென்பொருளில் நேராக வைத்தால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்ததும் அந்தத் தட்டையும் அதற்கு முன்னால் இருப்பதையும் வெட்டி எறிந்துவிடுவேன். பன்னிரண்டு வருடமாக நான் வெட்டி எறிந்ததில்தான் நீங்கள் இருந்தீர்கள்.

ஒரு சர்ச் கல்யாணத்தில் நீங்கள் தட்ட மறந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் அப்பா திடீரென்று பேச எழுந்துவிட்டார். மறுநாள் இரண்டு பேரும் திரை முன்னால் உட்கார்ந்து, ஒலியை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள்தான் சொன்னீர்கள்: "மெதுவா ஓட்டுடே. வாய் மூடுத எழுத்துல நிப்பாட்டு. 'அம்மாவும் நானும்'னு சொல்லுதாரு பாரு, அந்த 'ம்மா'ல உதடு ஒட்டும். அங்க வை." வைத்தேன். அவர் பேச ஆரம்பித்தார். கீழே போய் டீ குடித்தோம். "பையா, தோ சாய், ஏக் ஃபீக்கீ" என்று உங்களுக்குச் சர்க்கரை இல்லாத டீ சொல்வது என் வேலை. சர்க்கரை இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பிஸ்கட்டில் பாதியை நீங்கள் உடைத்துக்கொள்வீர்கள்.

அந்த டிசம்பர் அரங்கேற்றத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆர்.கே.புரத்து அரங்கம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அதிகாரியின் மகள். வீடியோ தயாரானதும் அவர் சொந்தக்காரர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெரிய டிவியில் போட்டார். நம் இருவரையும் சாப்பிட அழைத்திருந்தார். ஒவ்வொரு உருப்படியும் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். வர்ணம் முக்கால் மணி நேரம். பாதி தாண்டியதும் கால் முதலில் விழுந்தது, சலங்கை பின்னால் வந்தது. முடிவில் அந்தப் பெண் அசையாமல் நிற்கிறாள். ஜதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"என்ன சார் இது?" என்றார் அப்பா.

"சவுண்ட் அவரோடது சார்," என்று நான் உங்களைக் காட்டினேன். "மெஷின் பழசு. ஓட ஓட பின்வாங்குது."

அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "இத்தனை வயசாச்சே, ஒரு பொறுப்பு வேண்டாமா உங்களுக்கு? என் பொண்ணு ஒன்பது வருஷம் கத்துக்கிட்டா."

சாப்பாட்டுத் தட்டு உங்கள் கையில் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். "அச்சா... நான் பாக்குதேன் சார்," என்றீர்கள். அவ்வளவுதான்.

ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி ஒட்டிச் சரிசெய்து கொடுத்தேன். அதன் பிறகு உங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். "வேலை ஏதும் இருக்காடே?" "டல்லா இருக்குண்ணே." இரண்டாவது தடவை அதைச் சொன்னபோது நான் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கேமராப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டிருக்கும். உங்கள் காதுக்குக் கேட்காமலா இருக்கும்? "சரிடே, உடம்பைப் பாத்துக்கோ," என்று வைத்துவிட்டீர்கள்.

மே மாத வெயிலில், ஜங்புரா பஸ் நிறுத்தத்தில் விழுந்த உங்களை, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். டியூட்டியில் இருந்த அக்கா ஓடி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உங்கள் மகளுக்காகப் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எங்கும் ஒரே மாதிரி. உங்கள் கைகள், ஒரு வரி, ஒரு தட்டு. முகம் கேமராவுக்கு மிகப் பக்கத்தில் மங்கலாக இருக்கும். அரங்கேற்றத்தில்தான், மேடையின் பக்கவாட்டில் வைத்த இரண்டாவது கேமராவில், முழுதாக அகப்பட்டீர்கள். வர்ணம் முடிந்து மூச்சு வாங்க உள்ளே வருகிறாள் அந்தப் பெண். நீங்கள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, தண்ணீர் பாட்டிலை நீட்டி, அவளிடம் ஏதோ சொல்கிறீர்கள். கேமரா மைக்கில் ஒன்றும் விழவில்லை. ஆனால் பக்கத்தில் உங்கள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வர்ணத்தின் ஆரம்பத்தில் இருந்த தட்டை வைத்து இரண்டையும் சேர்த்தேன். உங்கள் உதடு அசைந்து முடிந்த பிறகு குரல் வந்தது. கிட்டத்தட்ட மூன்று நொடி தாமதம். 'பழைய மெஷின்' என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தேன், அண்ணே. வெட்கமாக இருக்கிறது. பிறகு படக் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். கேமரா எடுத்தது நொடிக்கு 29.97 படங்கள். முப்பது என்று மென்பொருளில் மாற்றிக் குறித்து வைத்திருந்தது நான். படம் துளித் துளியாக முன்னால் ஓடியிருக்கிறது. உங்கள் ஒலி இருந்த இடத்தில்தான் இருந்தது.

எண்ணைத் திருத்தினேன். அடுத்த கணம் உங்கள் உதடு ஒட்டிப் பிரிய, "பயப்படாத பாப்பா, தண்ணியக் குடி. நல்லா ஆடுத," என்று குரல் வந்தது. எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் தண்ணீர் கொடுக்கும் அந்தப் பதினோரு நொடியை வெட்டி எடுத்துப் பென் டிரைவில் போட்டேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஜங்புராவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் அந்தப் பதினோரு நொடியை எத்தனை தடவை போட்டாள் என்று எண்ணவில்லை. அவள் அடுத்த அறைக்குப் போனதும் அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, அன்னைக்கு தப்பு என்னோடது. அண்ணன் மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்: "அது அவுகளுக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை வச்சு ஒரு மணி நேரம் மெஷினை ஓட விட்டுப் பாத்தாக. 'மெஷின் சரியா இருக்கு, அவன் எங்கயோ நம்பரை மாத்திப் போட்டிருக்கான்'னாக. அப்ப அங்கயே சொல்ல வேண்டியதுதானேன்னு நான் சத்தம் போட்டேன். 'அத்தன பேரு முன்னாடி சொன்னா அவன் பொழப்பு என்னாவுது? அடுத்த வேலைக்குக் கூப்பிடுவான்லா, டீ குடிக்கும்போது சொல்லிக்கிடுதேன்'னாக."

அந்த டீக்குத்தான் நான் உங்களைக் கூப்பிடவே இல்லை.

திரும்பும் வழியில் மெட்ரோ நிலைய வாசலில் நின்று அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். மாற்றலாகிப் போய்விட்டார், எண் மட்டும் மாறவில்லை. யார் என்று சொன்னேன். வர்ணத்தில் ஒலி பிந்தியது என் தவறு, ஒலிப்பதிவு செய்தவருடையது இல்லை என்றேன். உங்கள் பெயரையும் சொன்னேன்.

"அவரா? என் பொண்ணுக்குத் தண்ணி குடுத்துத் தைரியம் சொன்னாரே, அவரைப் போய் அப்படிப் பேசிட்டேனே. அவ அன்னைக்கே சொன்னாப்பா, அந்த அங்கிளைத் திட்டியிருக்கக் கூடாதுன்னு." பிறகு, "நான் மன்னிப்புக் கேட்டதா அவர்கிட்ட சொல்லிடுங்க. மறந்துடாதீங்க," என்றார்.

நீங்கள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "சொல்லிடுறேன் சார்," என்றேன்.

என் மன்னிப்போடு அவருடையதும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அண்ணே.