முன்னால் போகும் லொறியைப் பார்க்கும் பெட்டி

13 ஜூலை 2008, ஞாயிறு

எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை சுதர்சன் இன்று தன் மின்சாரக் காரைக் காட்ட வந்தார். மலையேறுமளவுக்கு அதில் சார்ஜ் நிற்காதாம். அதனால் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இந்த லட்சணத்தில் அதன் முன்பக்கம் ஒரு ரேடார் பெட்டியையும் அவரே பூட்டியிருந்தார்.

"முன்னுக்குப் போற வண்டி ஸ்லோ பண்ணினா இதுவும் ஸ்லோ பண்ணும். ரோடு காலியா இருந்தா தானா வேகம் எடுக்கும். நான் காலே வைக்கத் தேவையில்ல," என்றார்.

நானுஓயா ரோட்டில் ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் போனோம். லொறி வளைவில் மறைந்ததும், ரோடு காலி என்று பெட்டி முடிவு செய்துவிட்டது. கார் பாய்ந்தது. சாமான் பையோடு வந்துகொண்டிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செல்லம்மா அக்கா மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் குதித்துவிட்டார். கார் மண்மேட்டில் இடித்து நின்றது.

சுதர்சன் இறங்கி ஓடினார், அக்காவிடம் அல்ல, பெட்டியிடம். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதன் மண்ணைத் துடைத்தார்.

"நல்லவேளை, இதுக்கு ஒண்ணும் ஆகல."

"எனக்கு ஆயிருச்சுங்க தம்பி," என்றார் அக்கா. முழங்கால் கிழிந்திருந்தது.

"ரோட்ல பாத்து நடக்க மாட்டீங்களா?"

பெரிய எஞ்சினியர்! வந்த ஆட்டோவை மறித்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

வீட்டில் அம்மா, "மாப்பிள்ளைக்கு என்ன மூளைடி!" என்றார்.

"அந்த ஆளு எனக்கு வேணாம்மா," என்றேன்.

பக்கத்து அறையில் அம்மா இன்னும் அழுகிறார். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.