விடியலின் கால்விரல்கள்

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அக்காவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

அந்தக் குளிர் தேசத்தில் காலை ஒன்பது மணிக்கும் ஜன்னலில் இருட்டுதான், எழுந்திருக்கவே மனம் வரவில்லை, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ கேட்டிருந்ததை நாலு தடவை படித்தேன். உடனே டிக்கெட் போட்டுடவா என்கிறார் அப்பா. இரு, பதில் சொல்லும் முன் அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றவர்களுக்கு ஓவியங்களை விவரிக்கும் ஒலிப்பதிவு எழுதுகிறேன் அல்லவா, இந்த வாரம் பெரிய கூடத்து ‘விடியல்’. ரதத்தில் விடியல் ஒரு பெண்ணாக ரோஜா தூவி வருகிறாள், முன்னால் தீவட்டியோடு சிறகு முளைத்த குழந்தை, ஓரத்தில் கறுப்புப் போர்வையை இழுத்துக்கொண்டு ஓடும் இரவு. ரோஜாதான் வானத்துச் சிவப்பு, தீவட்டிதான் விடிவெள்ளி என்று இரண்டு பக்கம் அளந்து வைத்திருந்தேன். அதைக் கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல வந்தவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். முழுக்கக் கேட்டுவிட்டு, கலரெல்லாம் நீங்களே வச்சுக்கோங்கம்மா, விடிஞ்சிடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், அதைச் சொல்லுங்க என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தரை சில்லுனு இருக்கும், எதிர்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவார், அவர் ஊருக்குப் போயிட்டா அன்னிக்கு எனக்கு விடியறதே இல்ல என்று சிரித்தார்.

அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றேன். பதினோரு வருடமாகப் பார்க்கிற படம்தான், அந்த ஓவியர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிரைகளின் மூக்கில் ஆவி. அவளுடைய வெறுங்கால் விரல்கள் குளிரில் மடங்கியிருக்கின்றன. கன்னத்தில், நம்பமாட்டாய், தலையணையின் மடிப்புத் தடம்! உலகத்தையே எழுப்பப் போகிறவளைக் கூட யாரோ பிடித்து உலுக்கித்தான் எழுப்பியிருக்கிறார்கள். ஓடி வந்து சொன்னேன். பெரியவர் செருப்பைக் கழற்றித் தன் கால்விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு, அட, அவளுக்கும் நம்மள மாதிரி முடியலையா, இப்ப விடிஞ்சுது போங்க என்றார். இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு விரல்களிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

நீ வந்தால் வேண்டாம் என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. ஆனால் அதற்கு முன் ஏழே ஏழு காலை, ஜன்னலைப் பார்க்காமல் காலைத் தரையில் வை, முதலில் எந்தச் சத்தம் கேட்டது என்று எனக்கு எழுது. எட்டாவது நாளும் வரத்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்பா டிக்கெட் போடட்டும்.

எங்கிருந்தாலும் மனம் தெளிந்து நல்லபடியாக இரு. காலுறை போட்டுக்கொள், அவளுக்குக் கொடுக்க அந்த ஓவியர் மறந்துவிட்டார்.

என்றும் உன்
அம்மா