சிவப்பு நாடாவுக்குள் இருந்த கதிரை

நேற்று மகள் பிறம்ரனிலிருந்து வந்து, கேட்காமலே என் சாப்பாட்டு மேசையை இழுத்துவிட்டு நிலம் துடைத்தாள். மேசைக்கு அடியில் நான்கு சின்னச் சிவப்பு மூலைகள் தெரிந்தன. படம் எடுக்கும்போது கதிரை அசைந்துவிட்டால் திரும்பவும் அதே இடத்தில் வைப்பதற்காக நீங்கள் முழங்காலில் நின்று ஒட்டிய துணி நாடா.

"அம்மா, உது என்ன? இவ்வளவு காலமும் உதைக் கழட்டேல்லையோ?"

"ஒட்டிப்போச்சு பிள்ளை. வராது."

"சுரண்டிப் பாக்கட்டோ?"

"நிலம் பழுதாப்போம். விடு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். யன்னல் கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருந்தாலே பொறுக்காத தாய், ஏழு வருடமாக மேசையை அரையடி தள்ளிப் போட்டு எதையோ மறைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். மேசைக்கு மேலே உங்கள் படத்துக்கான சம்மதக் கடதாசி கிடந்தது. அதற்குப் பக்கத்தில், விரல் நகமளவு ஒரு யூ.எஸ்.பி. சேமிப்புக் குச்சி. வெள்ளிக்கிழமைக்கு முன் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். அந்த அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

உங்கள் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். சனிக்கிழமை உங்கள் நினைவாகப் படம் காட்டும் மண்டபத்திலும் சொல்லுவார்கள். கீவ் நகரில் அரசாங்கப் பட நிலையம் ஒன்றில் நடிகர்களுக்குத் தேநீர் கொண்டுபோகும் பெண்ணாகத் தொடங்கினீர்கள். அந்த நிலையம் படுத்த பிறகு, ஒரு தொலைபேசியையும் சமையலறை மேசையையும் வைத்துக்கொண்டு தனியாளாகப் படம் தயாரித்தீர்கள். நாற்பத்தேழு வயதில் ரொறொன்ரோவுக்கு வந்து, பகலில் முதியவர்களைக் குளிப்பாட்டினீர்கள். கனடாவில் உங்கள் முதல் படத்தை, பார்க்டேலில் எங்கள் கட்டடத்தின் சலவை அறையிலேயே எடுத்தீர்கள். உங்கள் நாட்டில் யுத்தம் வந்ததும், கூடாது என்று வைத்தியர் சொல்லியும், அங்கே போய் இரண்டு படங்களை முடித்துவிட்டு வந்தீர்கள். போன மாரியில் இறந்துபோனீர்கள்.

இதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்லப்போவதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். உங்கள் மேல் எனக்குப் பொறாமை.

யாழ்ப்பாணத்துக் கொன்வென்றில் ஐரிஷ் சிஸ்டர்களிடம் ஆங்கிலம் படித்தவள் நான். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் பிஸ்கற் பெட்டிகளை ஒட்டினேன். உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வசனத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாது. ஆனால் நீங்கள் தொலைபேசியைக் காதில் வைத்தால் லொறி வந்தது, விளக்கு வந்தது, தெருவை மறிக்க மாநகரசபையின் அனுமதி வந்தது. லிஃப்டில் உங்கள் பேச்சைக் கேட்டு மனத்துக்குள் ஒவ்வொரு பிழையாகத் திருத்திக்கொண்டு வருவேன். நான்காம் மாடியில் நீங்கள் இறங்கி, உங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் படவேலை பார்க்கப் போவீர்கள். நான் ஒன்பதாம் மாடிக்குப் போய்ச் சோறு வடிப்பேன்.

என் கணவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியது உடுப்புத் தோய்க்கும் இயந்திரம். உடுப்புக் கூடையோடு கீழே போகிறவர், முக்கால் மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கத் தொடங்கினார். உங்கள் மொழியில் நன்றி சொல்லப் பழகிக்கொண்டு மேலே வந்தார். பதிலுக்கு என்ன கொடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் லிஃப்டில் என்னைக் கண்டதும், "அண்ணை சுகமோ?" என்று தமிழில் கேட்டீர்கள். நான் அவரை வாழ்நாள் முழுவதும் "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் இரண்டு கிழமையில் அவருக்கு ஒரு அழைப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"என்னவாம் உங்கட உக்ரேன்காரி?" என்று அன்று கேட்டேன்.

"தன்ரை படத்திலை என்னை நடிக்கட்டாம்."

"நீங்களோ? சேர்ட்டுக்குப் பொத்தான் நேராப் போடத் தெரியாத ஆள்!"

"பொத்தான் போடத் தெரிஞ்ச ஆள்தான் வேணுமெண்டு அவ சொல்லேல்லையே."

ஊரிலிருந்து மகளிடம் வந்த ஒரு உக்ரேனிய மூதாட்டி. அவளுடைய மொழி தெரியாத பக்கத்து வீட்டுக் கிழவர். இருவரும் ஒரு மேசையில் சேர்ந்து சூப் குடிப்பார்கள். அதுதான் படத்தின் கதை. இயக்குநர் ஒரு நடிகரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆள் சலவை அறையில் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். ஏரிப் பக்கத்து வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று என் வீட்டையும் எடுத்துக்கொண்டீர்கள்.

சூப் குடிப்பது பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொன்வென்றில் எங்களுக்கு அது ஒரு பாடம். முதுகு கதிரையில் சாயக்கூடாது. கரண்டியை நமக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி அள்ள வேண்டும். ஓரத்தால் குடிக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் சூப். மகள் ஐந்து வயதிலேயே பழகிவிட்டாள். இவர் நாற்பத்து நான்கு வருடமும் தொட்டியில் மாடு குடிப்பது போலத்தான் குடித்தார். நான் ஒரு ஞாயிறும் சும்மா விட்டதில்லை.

படம் எடுத்த முதல் நாள் நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். இவர் மரக்கட்டை மாதிரி இருந்தார். நீங்கள் வந்து என் கையைப் பிடித்து நடைபாதைக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் ஆங்கிலத்தைத் திருத்தி எழுதுகிறேன்: "நீங்கள் நின்றால் அவர் உங்களைத்தான் பார்க்கிறார். ஒரு நாளைக்கு மட்டும் மகள் வீட்டில் இருக்க முடியுமா?"

என் வீட்டிலிருந்து என்னையே போகச் சொன்னீர்கள். நான் பிறம்ரனுக்குப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது வீடு முழுவதும், நீங்கள் போர்ஷ் என்று சொல்லும் பீட்றூட் சூப்பின் மணம். இவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என்ன செய்தனீங்கள்?"

"சூப் குடிச்சனான்."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மற்றத் தயாரிப்பாளர்கள் நடிப்பவரின் சம்மதக் கையெழுத்தை முதல் நாளே வாங்கிக்கொள்வார்களாம். நீங்கள் கடைசி நாள், கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாங்குவீர்கள். "முதலே கையெழுத்து வாங்கினால் கடதாசிக்காக வேலை செய்வார்கள். பிறகு வாங்கினால் தாங்கள் செய்ததற்காகக் கையெழுத்து வைப்பார்கள்" என்பீர்கள். அந்தப் படத்தில் கடைசிக் காட்சிக்குப் பனி வேண்டியிருந்தது. பனிக்காகக் காத்திருந்தீர்கள். பனி வருவதற்கு முன் இவருடைய இதயம் நின்றுவிட்டது.

இவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த பிறகு நீங்கள் ஒரு பானையில் சூப்பும் கடதாசியுமாக வந்தீர்கள். கணவருக்குப் பதிலாக மனைவி கையெழுத்து வைக்கலாம் என்றீர்கள். நான் பானையை வாங்கவில்லை.

"அவர் என்னுடைய புருஷன். உங்களுடைய படத்தில் கிடக்க விடமாட்டேன்" என்றேன். கொன்வென்ற் ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

நீங்கள் கெஞ்சவில்லை. "கடதாசி இல்லை என்றால் படம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டாராம். இவர் இருந்த காட்சி முழுவதையும் வெட்டினீர்கள். மூதாட்டிக்கு எதிரே வெறுங் கதிரையை வைத்து முடித்தீர்கள். அந்தப் படம் ஊர் ஊராகப் பட விழாக்களுக்குப் போனது. நூலகத்தில் உட்கார்ந்து ஒரு விமர்சனத்தைப் படித்தேன். படத்தின் மிகச் சிறந்த காட்சி அந்த வெறுங் கதிரைதானாம். என் வீட்டுக் கதிரை. நான் மறுத்ததையும் நீங்கள் படமாக்கிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் லிஃப்டில் சந்தித்தோம். நீங்கள் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். வென்றவளின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். சில நாட்களில் அது பரிதாபமாகத் தெரியும். அது இன்னும் மோசம். நான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் படங்களைத் தொகுக்கும் ஓலெனா கதவைத் தட்டினாள். வெட்டிய காட்சியை நீங்கள் எறியவில்லையாம். சனிக்கிழமை அதையும் சேர்த்துக் காட்டலாமா என்று கேட்டு, கடதாசியையும் குச்சியையும் நீட்டினாள்.

"ஏன் அவ உயிரோடு இருக்கும்போதே இன்னொரு முறை கேட்கவில்லை?"

"தான் போன பிறகு கேட்கச் சொன்னா. தன்னுடைய முகத்துக்கு நேரே சம்மதம் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமாம்."

என்னைப் பெற்ற தாய்க்கும் என்னை அவ்வளவு தெரியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நேற்று மகளைக் கொண்டு குச்சியை ரிவியில் செருகச் செய்தேன். அவள் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"பிள்ளை, பால் முடிஞ்சுது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா."

"ஃப்ரிஜ்ஜிலை ரெண்டு பை கிடக்குதம்மா."

"அது பழசு. போ."

போய்விட்டாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

என் மேசை. என் கதிரை. இவர். முதலில் கண்ணில் பட்டது சேர்ட் கழுத்து. ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. எழுந்து போய்ச் சரிசெய்ய வேண்டும் போல இருந்தது. மூதாட்டி சூப்பை வைக்கிறாள். இவர் முதுகை நிமிர்த்துகிறார். கரண்டியை எடுக்கிறார். எதிர்ப்பக்கமாகத் தள்ளி அள்ளுகிறார். ஓரத்தால் குடிக்கிறார். ஒரு சத்தம் இல்லை. ஒரு துளி சிந்தவில்லை. சிஸ்டர் கண்டிருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பா. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு புருவத்தைத் தூக்குகிறார், நான் தூக்குவது போலவே. கோப்பை காலியானதும் கரண்டியை அதற்குள் நேராக வைக்கிறார். இயக்குநரின் குரல் போதும் என்கிறது. ஆனால் கமரா நிற்கவில்லை. உங்கள் குரல் கேட்கிறது. இவருடைய ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழ் மாதிரியே இருக்கும். அதனால் இருவரும் ஆங்கிலத்தில் பேசியதை அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அண்ணை, உப்பிடிக் குடிக்க ஆர் பழக்கினது?"

"மனிசி. நாப்பத்து நாலு வருசமாப் பழக்கிறா."

"அப்ப அவவுக்குப் பெருமையா இருக்குமே?"

"அவ இதைக் கண்டதில்லை. வீட்டிலை நான் மாடு மாதிரித்தான் குடிக்கிறனான்."

"ஏன்?"

இவர் வாயைத் துடைத்தார். புறங்கையால்தான். "நான் எல்லாம் சரியாச் செய்துபோட்டால், பிறகு அவ என்னோடை என்னத்தைக் கதைக்கிறது? பிஸ்கற் தொழிற்சாலைக்கு அவ போகத் தொடங்கின நாளிலையிருந்து அவவுக்கு வேறை பேச்சில்லை. இதையும் நிப்பாட்டினால் வீடு அமைதியாப்போம். அந்தக் கோதாரியை ஆர் தாங்கிறது? சொல்லிப்போடாதேங்கோ."

பிறகு சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய. கமராவுக்குப் பின்னால் நீங்களும் சிரித்தீர்கள். இருவரும் என்னை வைத்துச் சிரித்தீர்கள்.

மகள் பாலோடு வந்தபோது ரிவி அணைந்திருந்தது. நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் லிஃப்ட் சிரிப்பு என்னவென்று இப்போது தெரிகிறது. "சொல்லிப்போடாதேங்கோ" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் சொல்லவில்லை. நான் உங்களை அவமதித்த அன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றே கையெழுத்து வைத்திருப்பேன். உங்கள் படம் முழுதாக வந்திருக்கும். ஒரு நல்ல தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்.

இன்று காலை கையெழுத்து வைத்தேன். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று, கொன்வென்ற் எழுத்தில் எழுதினேன். கடதாசியில் இருந்த இரண்டு ஆங்கிலப் பிழைகளையும் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். கீழே ஒரு நிபந்தனை. ஓலெனாவைக் கூப்பிட்டு அதை வாசித்தேன்.

"கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும் வரைக்கும் காட்டுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வெளியே வரக்கூடாது."

"அந்தச் சிரிப்பு? மிக நல்ல சிரிப்பு அது."

"சிரிப்பும்தான்."

நீங்கள் ஏழு வருடம் வைத்திருந்தீர்கள். இனி அது என்னுடைய முறை. மண்டபத்தில் இருப்பவர்கள் சூப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்த ஒரு பகலில் அவர் உங்களுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. அது எப்போதும் உங்களுடையதாகவே இருக்கும். ஞாயிறு சூப் இப்போதும் வைக்கிறேன். எதிரே ஆளில்லாவிட்டாலும், மெல்லக் குடியுங்கோ என்று வாய் சொல்கிறது. அதற்குத்தான் அவர் அப்படிக் குடித்தார் என்று தெரிந்த பிறகு, இனிப் பூசை முடிந்து வீட்டுக்கு வருபவர்களுக்கு முன்னால் கூட அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசியாக ஒன்று. மகளுக்கு நான் சொன்னது உண்மையில்லை. இன்று அவள் இல்லாதபோது குனிந்து நாடாவின் ஒரு மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. நிலத்தில் ஒரு கறையும் இல்லை. நீங்கள் நல்ல நாடாதான் வாங்கியிருக்கிறீர்கள்.

திரும்பவும் அழுத்தி ஒட்டிவிட்டேன். மேசையைத் தள்ளி, கதிரையைக் கொண்டுவந்து நான்கு மூலைகளுக்குள்ளும் சரியாக வைத்தேன்.