இடது தோளில் ஒரு கறை

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும், கடையும், உன் செல்ல மெஷின்கள் இரண்டும் நலம்தானே? போனில் பேசினால் உன் குரலை அமுக்கிக்கொண்டு அவைதான் பேசுகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

தையற்கடைக்காரர் மகளின் போட்டோ வந்து சேர்ந்தது. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். கண்ணாடி போட்டால் கொஞ்சம் அகலமான சட்டம் பொருந்தும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனிடம் போட்டோ அனுப்பினால் இப்படித்தான் யோசிப்பான். மற்றதை நிதானமாக எழுதுகிறேன்.

இப்போது தலைபோகிற விஷயம் வேறு. கடையில் எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட வேண்டும். நேற்று அதில் டீயைக் கொட்டிக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு ஊற வைத்தேன். கறை இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டது. என்ன செய்வது?

அன்புடன்,
உன் மகன்

மார்ச் 9

அன்பு மகனுக்கு,

சலவைக் கடைக்காரி பெற்ற பிள்ளை, கறைத் துணியைக் கொதிநீரில் போட்டான் என்று வெளியே சொல்லிவிடாதே. என் பிழைப்பு கெட்டுவிடும்.

கறை எதுவாக இருந்தாலும் முதலில் பச்சைத் தண்ணீர். துணியைத் திருப்பிப் பின்பக்கமாகக் குழாயில் காட்டு. வந்த வழியே அது போகட்டும். பிறகு வெள்ளை வினிகரும் பாத்திரம் கழுவும் சோப்பும் சம அளவு கலந்து தடவி, சற்று நேரம் விட்டு அலசு. தேய்க்காதே, ஒற்றி எடு. கறை முழுவதும் போகாமல் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதே. சூடு பட்ட கறை குடியேறிவிடும்.

சட்டம் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. பெண் பொருந்துவாளா என்று கேட்டேன். தையற்கடைக்காரர் நூல் கேட்கிற சாக்கில் தினமும் எட்டிப் பார்க்கிறார். தையற்கடையில் இல்லாத நூல் சலவைக் கடையில் இருக்குமா? பாவமாக இருக்கிறது. சீக்கிரம் ஒரு வார்த்தை எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

கோட்டு புதுசு போல ஆகிவிட்டது. முதலாளி எந்த லாண்டரி என்று கேட்டார். மருந்தைச் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

அடுத்த சந்தேகம். பால் கறைக்கு என்ன செய்வது? என் சட்டைகள் பலவற்றிலும் மஞ்சளாகத் திட்டு விழுந்து, துவைத்த பிறகும் புளித்த வாடை வருகிறது. காலையில் அவசரத்தில் நின்றுகொண்டே பால் குடிக்கிறேன், சிந்திவிடுகிறது. வாழைப்பழக் கறையும் உண்டு. அது முதலில் தெரிவதில்லை, காய்ந்த பிறகு பழுப்பாகிறது. அதற்கும் ஏதாவது சொல்.

போட்டோ விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வேலை அதிகம்.

அன்புடன்,
உன் மகன்

மார்ச் 29

அன்பு மகனுக்கு,

பால் கறைக்கும் பச்சைத் தண்ணீர்தான். அதில் சமையல் சோடா ஒரு கைப்பிடி போட்டு ஊற வை. போகாத இடத்தில் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசு. வாடையும் போய்விடும். வெள்ளைச் சட்டையில் வாழைப்பழம் என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடு. கலர்ச் சட்டையில் அந்த வேலை வேண்டாம், சாயம் போய்விடும்.

எனக்கும் ஒரு சந்தேகம். பால் டம்ளரைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுகிறவன் நீ. பால் குடிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. திட்டு சட்டையில் எந்த இடத்தில் இருக்கிறது? முன்பக்கமா, பின்பக்கமா? இடத்தைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

தையற்கடைக்காரர் இப்போது ஊசியும் கேட்கிறார்.

அம்மா

ஏப்ரல் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

சோடா நன்றாக வேலை செய்கிறது. இடம் கேட்டிருந்தாய். இடது தோள். தோளுக்கு மேலே தொடங்கிப் பின்பக்கம் கொஞ்சம் இறங்குகிறது. எல்லாச் சட்டையிலும் அதே இடம்தான்.

இன்னொன்று. வாயில் வைக்கிற பிளாஸ்டிக் சாமான்களை வினிகர் போட்டுக் கழுவலாமா? ஸ்பூன் மாதிரி சாமான்கள்தான்.

அன்புடன்,
உன் மகன்

ஏப்ரல் 13

மகனுக்கு,

வினிகரில் தண்ணீர் கலந்து கழுவலாம். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிக் காய வைக்க வேண்டும். கிலுகிலுப்பையின் உள்ளே மட்டும் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்.

முதுகால் யாரும் பால் குடிப்பதில்லையடா. பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினால், ஏப்பத்தோடு கக்குகிற இடம் அது. வலக்கையால் தட்டுகிறவனுக்கு இடது தோள். ஊர் அழுக்கை எல்லாம் பார்க்கிறவளிடம் நீ சட்டையைக் காட்டிவிட்டு விஷயத்தை மறைக்கப் பார்க்கிறாய்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். குழந்தைக்காக இல்லை. ஒரு கைக்குழந்தையைத் தினமும் தோளில் தூக்குகிறாய், அதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே என்றுதான். பக்கத்துக் கடையில் ஒரு மனுஷன் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். வாக்குக் கொடுக்க வாயெடுத்துவிட்டு, உன் கடிதம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். கொடுத்திருந்தால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

யார் குழந்தை? உள்ளதை எழுது.

அம்மா

ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி தண்ணீர் கொடுத்தார்.

குழந்தையின் அம்மா பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறாள். கண்ணாடி இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. அந்தக் கண்ணாடியைக் குழந்தை பிடித்து இழுத்து மாதம் தவறாமல் உடைத்துவிடும். அப்படித்தான் கடைக்கு வந்தார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே கணவர் நோயில் இறந்துவிட்டார். பிற்பகல் அவள் வண்டியோடு போகும் நேரமும் என் ஓய்வு நேரமும் ஒன்று. அப்போது குழந்தை என் பொறுப்பு. கன்னம் இரண்டும் உருண்டையாக இருப்பதால் உருண்டை என்று கூப்பிடுகிறேன். தொட்டிலில் போட்டால் அலறுகிறாள், தோளில் போட்டால் தூங்கிவிடுகிறாள்.

உருண்டையைப் பெற்றவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேன் அம்மா. சொல்லப் பயந்தேன். உன் ஒரே பிள்ளை கைக்குழந்தையோடு இருக்கிறவளைக் கட்டுவதா என்று நீ மனம் உடைந்துவிடுவாயோ என்று பயம். போட்டோ வந்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. அவள் என்னைவிடக் கண்டிப்பு. "உங்க அம்மா மனசார சம்மதிக்காம நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அதுவரைக்கும் குழந்தைக்கும் ஆசை காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள். உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளிடமும் பொய் சொல்லியிருந்தேன். இன்று அதையும் ஒப்புக்கொண்டேன். நீ பதில் போடும்வரை குழந்தையை வேறொரு வீட்டில் விடுகிறாள்.

எனக்கு நீயும் வேண்டும், அவர்களும் வேண்டும்.

உன் மகன்

மே 8

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் மெஷின் சத்தத்தில் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். திட்டியாவது எழுது.

என் சட்டைகள் எல்லாம் இப்போது சுத்தமாக இருக்கின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.

உன் மகன்

மே 12

அன்பு மகனுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் இந்தப் பார்சல். வேலை முடியாமல் எழுதக் கூடாது என்று பிடிவாதம் பிடித்துவிட்டேன். உன்னைக் கொஞ்சம் தவிக்க விடவேண்டும் என்றும் இருந்தது, அதை மறைப்பானேன்.

முதல் நாள் அழுதேன். நீ சொன்ன செய்திக்காக இல்லை, என்னைப் பார்த்துப் பயந்தாயே என்பதற்காக. அடுத்த நாள் தையற்கடைக்காரரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் தூக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு அலமாரியைத் திறந்து உன் அப்பாவின் பழைய பருத்திச் சட்டைகளை எடுத்தேன். அவர் போன பிறகும் ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை. துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆன துணி, குழந்தை கன்னத்தில் உறுத்தாது. வாசனை சோப்புப் படாமல் அலசி, வெயிலில் காய வைத்து, தோள் துணியாக வெட்டினேன். வெட்டிக்கொண்டிருக்கும்போது தையற்கடைக்காரர் வந்து நின்றார். "ஓரம் அடிக்காம அனுப்பினா ரெண்டு துவைப்புல பிரிஞ்சிடும், இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓரம் அடித்தார். கூலி கேட்டால் முறைக்கிறார். அந்த ஓரத்தை நன்றாகப் பார்த்து அவருக்கு ஒரு வரி எழுது.

அதில் நீலக் கோடு போட்ட துணியில் மஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். அது நீ கக்கியது. உன்னைத் தூங்க வைத்துவிட்டுச் சட்டையைச் சொல்லாமல் கொள்ளாமல் கூடையில் போட்டுவிட்டார் உன் அப்பா. நான் பார்க்காமல் இஸ்திரி போட்டுவிட்டேன். இந்தக் கடையில் எனக்கு மசியாத கறை அது ஒன்றுதான். அதையும் வைத்திருக்கிறேன், உருண்டை அதன்மேலேயே கக்கட்டும்.

அவளிடம் சொல். எனக்கு மனசாரச் சம்மதம். வாசப்படியை மிதிக்கட்டும், அதைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன். "அத்தை" என்று போட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளச் சொல். இதுகூடத் தோன்றாமல் என்ன கண்ணாடிக் கடை நடத்துகிறீர்கள்?

போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம். குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

அம்மா