பாலத்துக்கு முன்னால் ஒரு போர்டு

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே கத்திரி வெயில் கழுத்தைப் பிடித்தது. அலுவலகத்தின் புதுக் கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்று ஒட்டியிருக்கிறார்கள். போகும்போது தள்ளினேன், சரி. சாயங்காலம் வெளியே வரும்போது அதே எழுத்து கண்ணாடி வழியே இடம் வலம் மாறித் தெரிந்தது. ஆனாலும் எழுத்துக்கு மரியாதை கொடுத்துத் தள்ளினேன். மூக்கில் அடி. பியூன் மெதுவாக வந்து, "உள்ள இருந்து இழுக்கணும் சார். எல்லாருக்கும் பழகிருச்சு" என்றார். எனக்கு மட்டும் பழகாதது அவருக்கு ஆச்சரியமாக இல்லை.

மகள் நிவேதா பெங்களூரில் கம்ப்யூட்டர், போன் திரையில் வரும் வாசகங்களை எழுதும் வேலை பார்க்கிறாள். (இதற்கா இன்ஜினியரிங் என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. நானும் கேட்பதுண்டு.) குழப்பமான போர்டு எதைப் பார்த்தாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். இன்று சிக்கியவை:

- டவுன் பஸ். 'அவசர வழி'. அதை அடைத்து ஒரு சீட். சீட்டில் கண்டக்டரின் சாப்பாட்டுப் பை.
- பொதுக் கழிப்பறை. இரண்டு கதவிலும் ஒரே பொம்மை. ஒன்றுக்கு மட்டும் மூக்குத்தி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அவசரப்பட வேண்டும்.
- மலை அடிவாரம். 'குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்'. போர்டின் மேல் உட்கார்ந்து ஒரு குரங்கு பொரி தின்றது. அதற்கு எந்தக் குழப்பமும் இல்லை.

திரும்பும் வழியில் சேகர் கடை. சேகர் என் மனைவி வசந்தாவின் தம்பி. கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, மதுரை ரோட்டுப் பாலத்துக்குக் கீழே, சர்வீஸ் ரோட்டில் கார் ஏசி பழுது பார்க்கும் கடை போட்டிருக்கிறான். இந்த வெயிலில் வண்டிகள் வரிசையில் நிற்க வேண்டும். இன்று ஒரே ஒரு கார் நின்றது. காரைக்குடிக்கு வழி கேட்டது.

"கத்திரி முடியறதுக்குள்ள ஓடலைன்னா இந்தக் கடை எப்பவும் ஓடாது அத்தான். பழைய கம்பெனிக்கே மறுபடி விண்ணப்பம் போட்டாச்சு" என்று போனைக் காட்டினான். அவன் பெண்டாட்டி சுமதியும் குழந்தையும் மணமேல்குடியில் இருக்கிறார்கள். கடை ஓடினால் கூட்டி வருவான். ஓடாவிட்டால் விமானம் ஏறுவான். விஷயம் இவ்வளவுதான்.

கடைக்குப் போர்டு இல்லாமல் இல்லை. அவனே வடிவமைத்த போர்டு. ஏழு நிறம், பனிமலை, பென்குவின், முருகர், நாலு கார், பதினோரு வகை சேவைகளின் பெயர். நின்று படித்தால் தேர்வுக்குப் படித்த திருப்தி. ஆனால் காரில் போகிறவன் அதைப் பார்க்கும்போது ஏற்கெனவே பாலத்தின் மேல் இருப்பான்.

சாப்பிடும்போது வசந்தா: "ஊர்ல உள்ள போர்டுக்கெல்லாம் நொட்டை சொல்றீங்கள்ல. எந்தம்பிக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. அவன் மறுபடி பொட்டி கட்டுனான்னா நான் உங்ககிட்டதான் கேப்பேன்."

நொட்டை சொல்வதற்கும் எழுதுவதற்கும் உள்ள தூரத்தை விளக்கலாமென்று வாயைத் திறந்தேன். ரசம் ஊற்றிவிட்டாள்.

மே 7, புதன்

புழுக்கம். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

சேகரின் போனில் வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கிறது. அப்படியே இங்கே: 'தங்கள் கோரிக்கை செயலாக்கப்பட்டு இறுதி நிலையை எட்டியுள்ளது.' கீழே ஆரஞ்சு வட்டம். வேறொன்றுமில்லை.

சேகர்: "கெடைச்சிருச்சுன்னு நெனக்கிறேன்."
வசந்தா: "இறுதின்னு போட்டிருக்கான். முடிஞ்சு போச்சு, கெடையாது. அவ்ளோதான்." முகத்தில் வெளிச்சம்.
நான்: ஆரஞ்சு என்பது சிவப்புமல்ல, பச்சையுமல்ல. எனவே சிக்னலில் நிற்க வேண்டும்.

மூவரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தோம். நிவேதாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, இத எழுதினவங்க மெஷின் என்ன பண்ணுச்சுன்னு எழுதிருக்காங்க. படிக்கிற மனுஷன் அடுத்து என்ன பண்ணணும்னு எழுதல. எல்லாரும் இப்படித்தான்."

"சரிம்மா. மாமாவுக்கு வேலை கெடைச்சிருக்கா, இல்லையா?"

"அதான்ப்பா, தெரியாது."

படித்த பிள்ளை. நானும் அந்த முடிவுக்குப் படிக்காமலே வந்திருந்தேன். போர்டு விஷயத்தையும் கேட்டேன். சொன்னாள், எழுதிக்கொண்டேன்: வார்த்தை குறைவு. ஒரே படம். சுற்றிலும் நிறைய வெள்ளை. கண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம். ஒரு அம்புக்குறி. திரும்பும் இடத்துக்கு முன்னாலேயே வைக்க வேண்டும்.

படம் எது? "எம் மூஞ்சியப் போடுங்க அத்தான். நம்ம பக்கத்து வண்டிக்காரனுக்கெல்லாம் என்னையத் தெரியும்" என்றான் சேகர். பாஸ்போர்ட் போட்டோ கொடுத்தான். காது இரண்டும் தெரிய, சிரிக்காமல், அரசாங்கம் கேட்டபடி.

மே 8, வியாழன்

அரை நாள் லீவு. பிளக்ஸ் கடை. கடைக்கார அம்மா என் தாளை வாங்கிப் பார்த்தார். நடுவில் சேகர் முகம், கறுப்பு வெள்ளையில் (நிறம் இல்லாவிட்டால் கம்பீரம் என்று என் சொந்த யோசனை). கீழே 'கே. சேகர்'. அதற்குக் கீழே அம்புக்குறி. அடியில் சின்னதாய் 'கார் ஏசி'. மீதி எல்லாம் வெள்ளை.

அவர் குரல் இறங்கிற்று. "சின்ன வயசா தெரியுது."

"ஆமாங்க. மச்சினன்."

"அப்படிங்களா. வெளக்கு ஒண்ணு வைக்கவா சார்? ரெண்டு பக்கமும்?"

"வேணாம். எளிமையா இருக்கட்டும்."

"சரிங்க. ஏசி வேலை பாத்தாருன்னு போட்டிருக்கீங்க. நல்லா இருக்கு." வரிசையில் காத்திருந்த காதுகுத்து பேனரை ஒதுக்கிவிட்டு என்னுடையதை முதலில் அடித்தார். டீ வரவழைத்தார். காதுகுத்துக்காரரும் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். ஊரில் நல்ல வடிவமைப்புக்கு இவ்வளவு மரியாதை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. 'பாத்தாரு' என்று ஏன் சொன்னார் என்பது மட்டும் வீடு வரும்வரை உறுத்தியது. மரியாதைக்காக இருக்கும்.

மே 10, சனி

எழுத உட்கார்ந்தேன். வருவது சிரிப்பா பயமா தெரியவில்லை.

விடிந்ததும் நானும் சேகரும் போர்டைக் கட்டினோம். பாலம் ஏறுவதற்கு நன்றாக முன்னால், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வேலியில், அவரிடம் கேட்டுக்கொண்டு. சேகர் கடைக்குப் போனான். நான் எதிர்ப் புளியமரத்தடியில் நின்று ஆராய்ச்சி.

வண்டிகள் வேகம் குறைத்தன. எனக்குப் புல்லரித்தது. லாரிக்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தார். பைக்கில் போன தம்பதி நின்று படித்தார்கள். அந்தப் பெண் 'ச்சூ' கொட்டினாள். ஏசி இல்லாத கவலை என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வண்டிகூட அம்புக்குறிப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் படிக்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. புரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒன்று திரும்பியது. குட்டியானை வண்டி. பின்னால் நிற்க இடமில்லாமல் ஆட்கள். முன்சீட்டில் மடியில் ரோஜா மாலையோடு அன்னவாசல் சித்தப்பா. வசந்தா, சேகர் இருவருக்கும் அப்பாவின் தம்பி. வண்டி போன வேகத்தில் என்னை அவர் பார்க்கவில்லை. யார் வீட்டு விசேஷம் என்று யோசித்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

கடையில் வேலை இல்லாததால் சேகர் தார்ப்பாய் நிழலில் பாய் விரித்துக் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஈ மொய்க்காமல் இருக்க முகத்தில் வெள்ளைத் துண்டு.

நான் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "கடல் தாண்டிப் போயி கண்ணெட்டா தூரம் போயி..." என்று ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பா மாலையைப் பிரித்துக்கொண்டு குனிந்தார். சேகர் துண்டை விலக்கினான்.

சித்தப்பா மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு: "ஏண்டா, உசிரோடயா இருக்க?"

"ஆமா சித்தப்பா. ஏன்?"

"பின்ன எதுக்குடா ரோட்டுல போஸ்டரு கட்டியிருக்கு? அன்னவாசல் ஆளு ஒருத்தன் பஸ்ல பாத்துட்டு வந்து சொன்னான். வேலிகிட்ட நிப்பாட்டி நானே பாத்தேன். வீட்டுக்கு வழின்னு அம்பு வேற போட்டிருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், எதுவானாலும் இந்த ஜில்லாவில் கலர் கலராக நாற்பது தலை இருக்கும். வெள்ளையில் ஒற்றை முகம் என்றால் அது கண்ணீர் அஞ்சலிதான். நானே எத்தனை பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

"எந்த மூதேவி அடிச்சது அத?" என்றார் சித்தப்பா.

"அது டிசைன் சித்தப்பா" என்றேன். கண்ணுக்கு ஓய்வு என்பதை விளக்கத் தொடங்கினேன். "ஓய்வுதான் தெரியுதே" என்றார் ஒப்பாரி எடுத்த அம்மாள்.

மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. துக்கத்துக்கு வாங்கியதை உயிரோடிருப்பவன் கழுத்தில் போடக்கூடாது, திருப்பி எடுத்துப் போகவும் கூடாது என்று வாதம். கடைசியில் கடையிலிருந்த ஏசி கேஸ் சிலிண்டருக்குப் போட்டார்கள்.

வசந்தா வந்தாள். தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு அழுதிருக்கலாம்.

மே 11, ஞாயிறு

வெயில். வீட்டில் அதைவிட. சோறு மேஜையில் தானாக வந்து உட்காருகிறது.

நிவேதா போனில் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "தப்பு என் மேலதாம்ப்பா. நான் இங்க உக்காந்து வெள்ளைன்னா சுத்தம்னு நெனச்சிட்டேன். அங்க படிக்கிறவங்க என்ன நெனப்பாங்கன்னு கேக்கல." மெஷினைப் பற்றி எழுதுகிறவர்களைத் திட்டிய பெண் இவள்தான். சுட்டிக்காட்டவில்லை. வீட்டில் என்னோடு பேசுகிறவள் இப்போதைக்கு அவள் ஒருத்திதான்.

புதுப் போர்டுக்குக் குழு அமைந்தது. தலைவர் சித்தப்பா. தூக்கம் வரவில்லையாம், காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் உறுப்பினர், வாக்குரிமை இல்லை. முடிவு: நீலப் பின்னணி. 'கார் ஏசி' மட்டும் யானை அளவு. அதன் கீழ் 'பாலம் ஏறாதீங்க, இடது பக்கம் வாங்க'. பென்குவின் ஒன்று இருக்கலாம் (சேகர் கெஞ்சினான்). முகம் வேண்டாம்.

"பாலம் ஏறாதீங்கன்னு அதட்டற மாதிரி இருக்கே" என்றேன்.

"அவன் ஏறிட்டா எங்க மாப்ளே எறங்குவான்? முன்னாடியே சொல்லணும்ல" என்றார் சித்தப்பா.

பிளக்ஸ் கடை அம்மா சேகரை நேரில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் தூறல். மண் நனைவதற்குள் நின்றுவிட்டது.

நேற்று விடிந்ததும் புதுப் போர்டைக் கட்டினோம், அன்றே இரண்டு கார். இன்று மதியத்துக்குள் மூன்று, ஒன்று உள்ளே குழந்தை வியர்த்து அழுதபடி. ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. சேகர் கைகளில் மட்டும் கிரீஸ். அது நல்ல சகுனம் என்று வசந்தா என்னிடமே சொன்னாள். என்னிடம்.

நாலு மணிக்கு அவன் போனில் மறுபடி செய்தி. ஆரஞ்சு வட்டம் பச்சையாகியிருக்கிறது. வேலை உறுதி. இந்த முறை தெளிவாகவே எழுதியிருந்தார்கள். கீழே இரண்டு பொத்தான்: 'ஏற்கிறேன்', 'பின்னர் நினைவூட்டு'.

சேகர் போனை அக்காவிடம் நீட்டினான். கையில் கிரீஸ் என்பதாலா, வேறு எதனாலா, தெரியவில்லை. வசந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு என்னிடம் திருப்பினாள்.

"ஏங்க, இதுல எத அமுக்குனா எந்தம்பி இங்கிட்டே இருப்பான்?"

இரண்டையும் பார்த்தேன். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒன்று வைக்கவே இல்லை.

சேகர் சுண்டுவிரலின் சுத்தமான நுனியால் 'பின்னர் நினைவூட்டு' என்பதைத் தொட்டான். செய்தி மறைந்தது.

"எப்ப ஞாபகப்படுத்தும்?" என்றாள் வசந்தா.

"அது போடலக்கா."

"அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று போனை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். புதுப் போர்டில் பென்குவின் வயிற்றில் பெரிதாகப் போட்டிருப்பது அந்தப் போன் நம்பர் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பீரோவுக்குள் சத்தம். கார்க்காரரா, நினைவூட்டலா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சாவி அவள் இடுப்பில். தர மாட்டேன் என்கிறாள். மறுபடி அடிக்கிறது.